திங்கள், வியாழன் நோன்பு

அஸ்ஹானின் வாப்பாவுக்கு ஸலாம்.

"செவ்வாய்க்கிழமையில திருகோணமலைக்கு யாரைப் பார்க்கப் போறாய்?" என்று கேட்டீர்கள். போனில் சொல்ல ஏலாது. உங்கள் அறையில் ஆறு பேர். அதனால்தான் கத்தாருக்குத் திரும்பும் முனாப் காக்காவிடம் இந்தக் கடிதத்தை ஒட்டிக் கொடுத்து அனுப்புகிறேன்.

அஸ்ஹான் பிறந்த பிறகு, இருமினாலும் தும்மினாலும் எனக்குச் சிறுநீர் கசிகிறது. கசிந்தால் வுழு முறிந்துவிடும்; ஒரு தொழுகைக்கு மூன்று முறை கைகால் கழுவி வுழு எடுத்திருக்கிறேன். தண்ணீர் குடித்தால்தானே கசியும் என்று திங்களும் வியாழனும் நோன்பு பிடிக்கத் தொடங்கினேன். உங்கள் உம்மா ஊரெல்லாம் புகழ்ந்தார். நீங்களும் கூட்டாளிமாரிடம் சொல்லிப் பெருமைப்பட்டீர்கள். அந்த நோன்பின் நிய்யத்து, அதன் உண்மையான எண்ணம், அல்லாஹ்வுக்கும் எனக்கும்தான் தெரியும்.

திருகோணமலை ஆஸ்பத்திரியில் தசைப் பயிற்சி சொல்லித்தரும் மிஸ்ஸிடம் முதல்முறையாக வாயைத் திறந்தேன். "தண்ணியைக் குறைச்சா இன்னும் மோசமாகும். நல்லாக் குடியுங்கோ. இப்ப ஒப்பரேஷன் ஒண்டும் தேவையில்ல" என்றார். சிறுநீரை அடக்குவது போலத் தசையை இறுக்கி, பத்து எண்ணி விட வேண்டும். தினமும் மூன்று வேளை. ஏழு வாரமாகச் செய்கிறேன். போன செவ்வாய் பஸ் கிண்ணியாப் பாலத்தில் போகும்போது மூன்று தரம் தும்மினேன். உடுப்பு நனையவில்லை.

அந்த மிஸ்ஸைப் பார்க்கத்தான் போகிறேன்.

இன்று திங்கள். உங்கள் உம்மாவின் முன்னாலேயே ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தேன். "நோன்பையும் விட்டுட்டியோ?" என்றார். கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

கூட்டாளிமாரிடம் பெருமை பேசியவர் நீங்கள். காரணத்தையும் நீங்களே உங்கள் உம்மாவுக்குச் சொல்லுங்கள்.

இன்னும் உங்கள் மனைவியாக இருப்பவள்