அண்ணனின் மண்ணீரல்

நேற்று ஆஸ்பத்திரியில் உன் படத்தைத் திறந்து வைத்தார்கள். சந்தன மாலையின் வாசம் முன்வரிசை வரை வந்தது. பேசியவர்களெல்லாம் ஒன்றையே சொன்னார்கள்: “டாக்டரம்மா அதிர்ந்து பேச மாட்டார்கள். யாரையும் எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை.” எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்துப்போனவளை இப்படியா சாதுவாக்குவது? பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

நாசரேத் விடுதியில் ஒரே அறையில் படித்த நாளிலிருந்து உன் வாய் எனக்குத் தெரியும். நான் வாத்திச்சியானேன், நீ டாக்டரானாய். யுத்த காலத்தில் இருவருமே தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தோம். என் அண்ணன் தங்கராஜ் அங்கே துறைமுகத்தில் பஞ்சுப் பொதிகளை அடுக்கும் கிட்டங்கியில் மேஸ்திரி.

ஒருநாள் தோணியில் ஏற்றும்போது ஒரு பொதி நழுவிக் கடலில் விழுந்தது. சுமந்து வந்த கிழவரை அடிக்க வெள்ளைக்கார சூப்பிரண்டு பிரம்பை ஓங்கினான். அண்ணன் குறுக்கே போய் நின்றான். “வயசாளியை அடிக்காதீங்க தொரை” என்று மட்டும்தான் சொன்னானாம். பூட்ஸ் கால் அவன் இடது விலாவுக்குக் கீழே இறங்கியது. பொழுது சாய்வதற்குள் அண்ணன் போய்விட்டான்.

அன்று பிரேதப் பரிசோதனை உன் பொறுப்பில் வந்தது. மண்ணீரல் கிழிந்து வயிறெல்லாம் இரத்தம். மறுநாளே கம்பெனி டாக்டர் ஊரெல்லாம் சொன்னார், அவன் மலேரியாக்காரன், மண்ணீரல் வீங்கிக் காய்ச்சல்கட்டியாக இருந்திருக்கிறது, லேசாகத் தட்டினாலே கிழிந்துவிடும் என்று. உன் பெரிய டாக்டரும் உன்னைக் கூப்பிட்டு, “கொஞ்சம் வீங்கியிருந்ததுன்னு ஒரு வரி சேத்திரும்மா” என்றார்.

“வீங்கலையே சார்” என்றாய் நீ.

மண்ணீரலில் ஒரு துண்டை எடுத்துப் பதப்படுத்தி, மெல்லிசாகச் சீவி, சாயமேற்றிக் கண்ணாடியில் ஒட்டினாய். சில நாள் கழித்து என்னை அழைத்து மைக்ராஸ்கோப் முன் உட்கார வைத்தாய். என் அண்ணனின் உடம்பு அது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தேன். சிவப்புப் பரப்புக்கு நடுவே திட்டுத் திட்டாக நீலம் தெரிந்தது.

“அந்த நீலப் புள்ளி எல்லாம் வெள்ளணு. நடுவுல ஒரு சின்ன இரத்தக்குழாய் தெரியுதா? அதைச் சுத்திக் கூட்டமா நிக்கும். மத்தது சிவப்புக்குள்ள சிதறிக் கிடக்கும். ஒழுங்கான மண்ணீரல் இப்படித்தாம்ளா இருக்கும். மலேரியா தின்ன மண்ணீரல்னா அங்கங்க கறுப்புத் தூள் அப்பிக் கிடக்கும். இங்கன ஒரு துளி இருக்கா, நல்லாப் பாரு.”

இல்லை. எத்தனை முறை பார்த்தும் இல்லை.

விசாரணை அன்று அந்த மைக்ராஸ்கோப்பை நீயே சுமந்து வந்து மாஜிஸ்திரேட்டின் மேசைமேல் வைத்தாய். கம்பெனி வக்கீல் சிரித்தார். மாஜிஸ்திரேட் பூச்சியைத் தள்ளுவதுபோல் கையை அசைத்து, “இதெல்லாம் தேவையில்லை” என்றார். ஒரு நிமிஷம் குனிந்தால் தெரிந்திருக்கும். குனியவில்லை. அப்போது நீ ஆங்கிலத்தில், கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி சொன்னாய்: “அப்படியானால், பார்க்க மறுத்தீர்கள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.”

தீர்ப்பு என்னவோ, நோயாளி உடம்பு, தற்செயலான சாவு என்றுதான் வந்தது. சூப்பிரண்டு கப்பலேறிச் சீமைக்குப் போனான். உன்னை மலேரியா மண்டிய ஒரு மலையடிவாரத்துக்கு மாற்றினார்கள். பெட்டி கட்டும்போதுகூட நீ அழவில்லை. “இனி நெசமான காய்ச்சல்கட்டிய நெதமும் பாக்கலாம்ளா” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாய். அந்தச் சிரிப்பை நேற்று மேடையில் இருந்த எவன் பார்த்தான்?

கம்பெனிக்காரர்கள் சொன்ன பொய் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து குடியேறிவிட்டது. அப்போது தொட்டிலில் கிடந்த அண்ணன் மகள் சென்ற மாதம் வந்திருந்தாள். பேச்சுவாக்கில், “எங்க அப்பா சீக்காளியாம்லா அத்தை, காய்ச்சல்லதான செத்தாங்க?” என்றாள்.

வயசாகிவிட்டது, ஆனாலும் என் குரல் தெருவரைக்கும் கேட்டிருக்கும்.

“யாரு சொன்னா? ஒங்க அப்பனுக்கு ஒரு சீக்கும் கெடையாது. ஒருத்தன் பூட்ஸ் காலால மிதிச்சுக் கொன்னான். ஒங்க அப்பன் மண்ணீரல் சுத்தமா இருந்துது. நான் கண்ணால பாத்தேம்ளா.”