சாகாவரத்தானின் நிலவறை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். வீட்டில் எல்லாரும் சுகம். உன் சுகத்தை விசாரிக்கவே பயமாக இருக்கிறது. மலை உச்சியில் சோறு தண்ணீர் இல்லாமல் ஒற்றைக் காலில் நிற்பவனுக்கு என்ன சுகம் இருக்கும்? முதலில் காலைக் கீழே வை. அப்புறம் இதைப் படி.

நம் தெருவின் கதவுகளை வெளியே ஆணி அடித்து மூடி, அப்பாவை உள்ளே வைத்துக் கொளுத்திய ராஜாவைக் கொல்ல வரம் கேட்டுத்தான் போனாய். எனக்கு அன்றைக்கே ஆத்திரம். அவனுக்குச் சாகாவரம் கொடுத்ததே அந்தச் சாமிதான். அதனிடமே போய்க் கையேந்துவது என்ன நியாயம்? நான் யாரிடமும் கேட்கவில்லை. கொத்துக்கரண்டியை எடுத்துக்கொண்டு அவன் அரண்மனைக்கே வேலைக்குப் போனேன்.

தங்கம் வைக்க நிலவறை கேட்டான். கட்டினேன். வாசலுக்கு மேலே கப்பி போட்டு ஏற்றிய ஒரே பாறை. அதைத் தாங்கி நின்றது ஒரு மர ஆப்பு. உயிருக்குப் பயந்தவன் என்றால் அண்ணாந்து பார்த்திருப்பான். இவனுக்கு என்ன பயம்? தங்கம் இருக்கும் இடம் யாருக்கும் தெரியக் கூடாதென்று காவலாளிகளையும் துரத்திவிட்டு, போன வாரம் தனியாக வந்தான். "பாத்துப் போங்க ராஜா" என்று நானே சொன்னேன். "எனக்குத்தான் எதாலயும் சாவு இல்லயே, நீ ஏன் பதறுற?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனான். ஆப்பைத் தட்டிவிட்டேன்.

பாறை இறங்கியதும் இடுக்கெல்லாம் சுண்ணாம்பு பூசி, மேலே மண்ணையும் தள்ளி மூடினேன். மூடுமுன் காதை வைத்துக் கேட்டேன். தட்டிக்கொண்டிருந்தான். அப்பா தட்டியதுபோலவே. எனக்கு நன்றாக இருந்தது, தம்பி. பொய் சொல்ல மாட்டேன்.

சாமி அவனை உடம்போடு மேலே கூட்டிக்கொண்டது என்று பூசாரி சொல்ல, ஊரே நம்பிக் கும்பிடுகிறது. வேலை செய்தது நான், மாலை சாமிக்கு! வயிறு எரிகிறது. இருந்தாலும் அவனை யாரும் தேடப்போவதில்லை என்று வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது என் பயமெல்லாம் உன்னால்தான். உன் தவத்தை மெச்சி அந்தச் சாமி வந்து நின்றால், அவன் சாவை மட்டும் கேட்டுவிடாதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். செத்தால் தப்பித்துவிடுவான். இறங்கி வா, வந்து ஒரு வாய் சோறு சாப்பிடு.

நீ நன்றாக இரு. அவனும் இருக்கட்டும். நீயும் நானும் போன பிறகும், அந்தச் சாமியைக் கும்பிட ஒரு ஆளும் இல்லாமல் போன பிறகும், உயிரோடு இருக்கட்டும்.

உன் அக்கா