சத்தம் போடாத சுவிட்ச்

நவம்பர் 4, செவ்வாய்

மறுபடியும் அந்த சுவிட்ச்தான். ரித்விக்கை மடியில் போட்டு ஆட்டி ஆட்டி, ஒருவழியாகக் கண் சொருகியதும் கட்டிலில் கிடத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவர்வரை போய், மெல்ல... மெல்ல...

டக்!

எங்கள் ஏரியா, ஆஸ்டின் டவுன் முழுக்கக் கேட்டிருக்கும். இந்த வீடு கட்டிய காலத்துக் கறுப்பு சுவிட்ச். ரித்விக் கண்ணைத் திறந்து, ‘நீ இன்னும் போகலையா?’ என்பதுபோல் பார்த்தான். அப்புறம் அழுகை. ஜன்னல் இல்லாத நடு அறை. பகலிலும் லைட் வேண்டும். அணைக்காவிட்டால் தூங்கமாட்டான், அணைத்தால் விழித்துக்கொள்வான்.

24ஆம் தேதி லீவு முடிந்து நான் ஆபீஸ் போக வேண்டும். அன்றிலிருந்து ஒரு மாதம் இவன் அப்பா ஹரிஷ் லீவு போட்டுப் பார்த்துக்கொள்கிறான். ஹரிஷ் நடந்தாலே பாத்திரம் அதிரும். அவனிடம் எப்படித் தூங்குவான் என் பிள்ளை?

“அதெல்லாம் தூங்குவான் சிந்து.”

சொல்றது ஈஸி.

நவம்பர் 6, வியாழன்

ஸ்மார்ட் சுவிட்ச்! படுத்த இடத்திலிருந்தே போனில் அணைக்கலாம். பகல் முழுக்க அதைப் பற்றியே படித்தேன். எங்கே பார்த்தாலும் ஒரே வார்த்தை: நியூட்ரல். அதாவது கரண்ட் திரும்பிப் போகிற ஒயர். பழைய வீடுகளில் சுவிட்ச் பெட்டிக்குள் அது வராதாம், நேராகப் பல்புக்குப் போய்விடுமாம். எம்.சி.ஏ. படித்திருக்கிறேன். வீட்டில் நியூட்ரல் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் குழந்தை வளர்த்துக்கொண்டிருக்கிறேன்.

நியூட்ரல் கேட்காத சுவிட்சும் உண்டு. ஆனால் அணைத்த பிறகும் பல்பு லேசாக மினுங்குமாம். மினுங்குவதா? குழந்தை அறையிலா? வேண்டவே வேண்டாம்.

நவம்பர் 8, சனி

எலெக்ட்ரீஷியன் பச்சைமுத்து வந்தார். பெட்டியைத் திறந்ததும் முதலில் ஒரு கரப்பான் வெளியே வந்தது.

“நியூட்ரல் இல்ல மேடம்.”

“எப்படியாவது வேணும் அண்ணா.”

“எப்படியாவதுன்னா?”

“சுவரை உடைக்காம, சத்தம் வராம, இவன் எழுந்திருக்கறதுக்குள்ள.”

கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். டார்ச் அடித்துப் பெட்டிக்குள் பார்த்தார். ஏதோ கம்பியை விட்டுத் துழாவினார். “கிடைச்சிடுச்சு மேடம்!” என்றார். எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை. கிடைத்ததே பெரிது.

நவம்பர் 10, திங்கள்

வெற்றி! ரித்விக் தூங்கினான், போனைத் தொட்டேன், இருட்டு. ஒரு சின்னச் சத்தம் இல்லை. சந்தோஷம் தாங்காமல் இன்னொரு தடவை போட்டு அணைத்துப் பார்த்தேன். எழுந்துவிட்டான். அது என் கொழுப்பு.

சாயங்காலம் வீட்டு ஓனர் டோரதி ஆன்ட்டி ஒரு முழுக் கேக் கொண்டுவந்து கொடுத்தார். (ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கியிருக்கிறார்கள். முன்பக்கம் அவர், பின்பக்கம் நாங்கள். கேக் ஆர்டர் எடுத்துச் செய்கிறார்.) நடுவில் பள்ளம் விழுந்துவிட்டதாம், விற்க முடியாதாம். எங்களுக்கென்ன, பள்ளம் இல்லாத இடமாகப் பார்த்துச் சாப்பிட்டோம். அப்புறம் பள்ளத்தையும்.

நவம்பர் 11, செவ்வாய்

மத்தியானம் நல்ல தூக்கத்தில் இருந்தான். திடீரென்று லைட் எரிந்தது. தானாக! குழந்தையை வாரிக்கொண்டு ஹாலுக்கு ஓடி, முருகா முருகா என்று நிற்கிறேன் — ஹரிஷிடமிருந்து மெசேஜ். ‘எலெக்ட்ரானிக் சிட்டி ஆபீஸ்லேர்ந்து போட்டேன். எரியுதா?’

மீட்டிங்கில் போர் அடித்ததாம்.

சாயங்காலம் மறுபடி கேக். ஆரஞ்சு. மறுபடி பள்ளம். “ஓவனுக்கு வயசாயிடுச்சு மா. பாதி வேகும்போது கரண்ட் டிரிப் ஆயிடுது” என்றார் ஆன்ட்டி. பாவம்.

நவம்பர் 13, வியாழன்

கேக். சாக்லேட். பள்ளத்தில் ஐஸ்க்ரீம் வைத்துச் சாப்பிட்டோம்.

நவம்பர் 14, வெள்ளி

எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஆன்ட்டிக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு ஞானஸ்நான ஆர்டர், மூன்று அடுக்கு. சொதப்பினால் அந்தச் சர்ச் ஆட்கள் யாரும் இனி தன்னிடம் வரமாட்டார்கள் என்று புலம்பினார். சரி, ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று ரித்விக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் சமையலறையில் நின்றேன். ஓவனுக்குள் கேக் அழகாக எழும்பிக்கொண்டிருந்தது.

பட்டென்று எல்லாம் அணைந்தது. அதே நொடி என் போன். ஹரிஷ்: ‘லைட் போட்டேன், எரியுதா?’

நான் அதைப் பார்த்தேன். ஆன்ட்டியும் எட்டிப் பார்த்தார்.

“உன் புருஷன் எங்க லைட் போட்டான்?”

“எங்க... ரூம்ல ஆன்ட்டி.”

“அணைக்கச் சொல்லு.” டிரிப் ஆனதைத் தூக்கிவிட்டார். ஓவன் உயிர் பெற்றது. “இப்போ போடச் சொல்லு.”

பட்.

“அணைக்கச் சொல்லு. போடச் சொல்லு.”

பட்.

ரித்விக்குக்கு ஒரே சிரிப்பு. ஒவ்வொரு பட்டுக்கும் கை தட்டினான். ஆன்ட்டி மட்டும் சிரிக்கவில்லை. “எல்லா கேக்கும் சாப்டீங்க இல்ல?” என்றார்.

கடவுளே. ரசித்துச் சாப்பிட்டோம். ‘ஆரஞ்சுதான் பெஸ்ட் ஆன்ட்டி’ என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

நவம்பர் 15, சனி

நேற்றே பச்சைமுத்துவைக் கூப்பிட்டேன், காலையில் வந்தார். சுவருக்கு அந்தப் பக்கம், முதுகோடு முதுகாக, ஆன்ட்டி வீட்டு சுவிட்ச் பெட்டி. நியூட்ரல் அங்கிருந்து வந்திருக்கிறது. ஓவனில் ஏற்கெனவே கொஞ்சம் கரண்ட் லீக். லைட் போடும்போது எங்கள் சுவிட்ச் இழுப்பதும் சேர்ந்தால் டிரிப்.

“யாரைக் கேட்டு எங்க வீட்டு நியூட்ரல எடுத்தே?” என்றார் ஆன்ட்டி.

“ஒரே வீடுதானே மேடம்.”

“நடுவுல சுவர் இருக்கில்ல?”

“நியூட்ரலுக்குச் சுவர் எங்க தெரியும் மேடம்?”

“என் கேக்குக்குத் தெரியுதே!”

எப்படியாவது வேணும்னு கேட்டது நான்தானே? பச்சைமுத்து ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பழைய சுவிட்சையே மாட்டிவிட்டுப் போனார். ஆனாலும் ஆன்ட்டிக்கு நம்பிக்கை இல்லை. “கேக் வேகற வரைக்கும் உங்க பக்கம் யாரும் எதையும் தொடக்கூடாது. மிக்ஸிகூட.” மத்தியானம் முழுக்க ஹரிஷும் நானும் குழந்தையும் ஹாலில் ஃபேன்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தோம்.

மூன்று அடுக்கும் எழும்பிவிட்டது. எங்களுக்கு ஒரு துண்டுகூட வரவில்லை. நியாயம்தான்.

நவம்பர் 17, திங்கள்

டக். அழுகை. டக். அழுகை. இன்னும் ஒரு வாரம்.

நவம்பர் 20, வியாழன்

வேறு வழியில்லாமல் நியூட்ரல் கேட்காத சுவிட்சையே வாங்கிவிட்டோம். பச்சைமுத்து மாட்டும்போது ஆன்ட்டி ஸ்டூல் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

படித்தது உண்மைதான். அணைத்தாலும் பல்பு லேசாக மினுங்குகிறது, சோர்ந்துபோன மின்மினி மாதிரி. அதைத் தடுக்கப் பல்போடு சேர்த்து மாட்ட ஒரு குட்டிப் பெட்டி தந்திருக்கிறார்கள். பச்சைமுத்து அதைக் கையில் எடுத்தபோது ரித்விக்கைப் பார்த்தேன். மல்லாக்கப் படுத்து, வாயைப் பிளந்து, பல்பையே பார்த்துக்கொண்டிருந்தான். இமை இறங்கியது, ஏறியது, இறங்கியது.

“அண்ணா, அது வேண்டாம். விட்டுடுங்க.”

நான் ஆட்டவே இல்லை. தொடக்கூட இல்லை.

நவம்பர் 24, திங்கள்

ஆபீஸ். என் நாற்காலியை யாரோ உயரம் மாற்றி வைத்திருந்தார்கள். சாப்பாட்டு நேரம்வரை என்ன வேலை செய்தேன் என்று கேட்டால் தெரியாது, போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றேகாலுக்கு வந்தது. ‘தூங்கிட்டான்.’

‘அழுதானா?’

‘இல்ல.’

‘என்னைத் தேடினானா?’

‘இல்லயே.’

‘கொஞ்சம்கூடவா?’

‘கொஞ்சம்கூட இல்ல சிந்து. சொன்னேன்ல.’

ரெஸ்ட்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நான் கொஞ்சம் அழுதேன். முகம் கழுவினேன். வெளியே வந்து காபி எடுத்துக்கொண்டு, உட்கார்ந்து, ரித்விக் பிறந்த பிறகு முதல் தடவையாக, ஆறுவதற்குள் முழுக் கப்பும் குடித்தேன்.