ரம்யாவுக்கு எந்தப் பாஷை

செல்லூர், மதுரை
12.1.2025

அன்புள்ள ரம்யா அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். மஸ்கட்டில் நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? போனில் பேசினால் வீடே காது கொடுக்கிறது, கடைசியில் சண்டையாகிவிடுகிறது. அதனால் மெயிலில் எழுதுகிறேன்.

ரம்யாவுக்கு அடுத்த மாதம் இரண்டரை வயது. இன்னும் 'அம்மா' வரவில்லை. நம் பாஷை சௌராஷ்டிரமும் தமிழும் கலந்து பேசிப் பிள்ளையைக் குழப்புகிறோம், இனி வீட்டில் தமிழ் மட்டும்தான் என்று தீபாவளிக்கு வந்தபோது சொல்லிவிட்டுப் போனீர்கள். அப்படியே செய்கிறோம். ஆனால் தமிழில் எனக்குக் கொஞ்ச வரவில்லை. யார் வீட்டுப் பிள்ளையோடோ பேசுவதுபோல் இருக்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது. காதைச் சோதித்துப் பார்க்கட்டுமா?

அன்புடன்,
மங்கை

மஸ்கட்
15.1.2025

அன்பு மங்கைக்கு,

வீணாக மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. நானே மூன்று வயதில்தான் பேசினேனாம். இப்போது நீயே வாயை மூடச் சொல்கிறாய். கூப்பிட்டால் திரும்பிச் சிரிக்கிற பிள்ளைக்குக் காதில் என்ன குறை?

வைகாசியில் தங்கச்சி கல்யாணம். இந்த நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் யாராவது பார்த்தால் சம்பந்தி வீடு வரை பேச்சு போய்விடும். தமிழிலேயே பேசு, வரும்.

உன் ஹரிஷ்

செல்லூர்
2.2.2025

அன்புள்ள ரம்யா அப்பாவுக்கு,

நீங்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, போய் வந்துவிட்டேன்.

நம் தெரு விசைத்தறிச் சத்தத்தில் அவள் தூங்குவதைப் பார்த்து, பக்கத்து வீட்டு முனீஸ்வரி அக்கா, "தறி இம்புட்டுச் சத்தம் போடுது, புள்ள அசையுதா பாரு, சமத்து" என்பார். எனக்கும் பெருமையாக இருக்கும். போன வாரம் கரண்ட் போய்த் தெருவே அடங்கியிருந்தது. ரம்யா முதுகைக் காட்டி உட்கார்ந்து விளையாடினாள். என் கையிலிருந்த குடம் நழுவி அவளுக்குப் பின்னால் விழுந்தது. முனீஸ்வரி அக்கா ஓடி வந்து எட்டிப் பார்த்தார். ரம்யா திரும்பவில்லை.

கே.கே. நகரில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். பிறவியிலேயே இரண்டு காதும் கேட்கவில்லை. திரும்பிச் சிரிப்பதெல்லாம் நம் முகத்தையும் கையையும் பார்த்துத்தானாம். எந்தப் பாஷை என்று நாம் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அவளுக்கு இரண்டுமே போய்ச் சேரவில்லை.

முதலில் காதில் மெஷின் மாட்டிப் பார்ப்போம், போதாவிட்டால் ஆபரேஷன் என்கிறார்.

மங்கை

மஸ்கட்
4.2.2025

அன்பு மங்கைக்கு,

சாப்பிடும்போது படித்தேன். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். மெஷின் வாங்கு, எதற்கும் யோசிக்காதே.

ஒன்று மட்டும் கேள். கல்யாணம் முடியும்வரை யாருக்கும் தெரிய வேண்டாம். முடியை இறக்கிவிட்டுக் காதை மூடிவிடு. கேட்டால் கூச்ச சுபாவம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

உன் ஹரிஷ்

செல்லூர்
23.2.2025

அன்புள்ள ரம்யா அப்பாவுக்கு,

மெஷின் வந்துவிட்டது. முதலில் பிடுங்கி எறிந்தாள், இப்போது கொஞ்ச நேரம் வைத்துக்கொள்கிறாள்.

நீங்கள் சொன்னபடி முடியை இறக்கிவிட்டேன். முடி உரசினால் மெஷினுக்குள் கரகரவென்று கேட்குமாம், அதற்கும் பிடுங்குகிறாள். தூக்கி இரட்டைக் குடுமி போட்டுவிட்டேன். காது நன்றாகத் தெரிகிறது. கல்யாணத்துக்கும் அப்படித்தான் கூட்டிவருவேன். உங்கள் தங்கச்சியிடம் நானே சொல்லிவிட்டேன். மண்டபத்தில் எங்கள் பக்கத்தில் நிற்பதும் தள்ளி நிற்பதும் உங்கள் இஷ்டம். உங்கள் மேல் எனக்கு வருத்தம் இருக்கிறது, அதை இல்லையென்று சொல்லமாட்டேன்.

இன்று காலை பின்னாலிருந்து நம் பாஷையில் பேசினேன். விளையாட்டை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், அப்புறம்தான் என்னைப் பார்த்தாள். உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

பிறகு "ரம்யா" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நாம் அவளுக்குப் பெயர் வைத்திருப்பதே அவளுக்கு இன்னும் தெரியாது. வந்து நீங்களும் ஒருமுறை சொல்லுங்கள்.

மங்கை