கிணற்றோடு விற்கிற வீடு

சேசு மரி சூசை துணை

செஞ்சி, வைகாசி மாதம்

அன்பு மகள் லில்லிக்கு நைனா யாகப்பன் சொல்லச் சொல்ல உபதேசியார் ஆரோக்கியநாதன் கையால் எழுதிக்கொள்வது. சர்வேசுரன் கிருபையில் நானும் உன் அம்மாவும் மூச்சும் பேச்சுமாக நன்றாகவே இருக்கிறோம், மூச்சு என் பங்கு, பேச்சு அவள் பங்கு. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அங்கே பம்பாயில் மழை பிடிக்கும் முன் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று மாதாவிடம் கேட்டுக்கொள்கிறோம். நான் பேசுகிற மாதிரியே எழுதுங்கள் என்றால் உபதேசியார் கேட்பதில்லை, பிரசங்கத் தமிழில் இழுத்துப் போகிறார், அங்கங்கே மட்டும் எங்கள் வாய்ப்பேச்சை விட்டுவைக்கச் சம்மதித்திருக்கிறார், அம்மா திட்டுவதை மட்டும் எழுதமாட்டாராம்.

உன் கடிதம் கிடைத்தது. இந்த வருசத்துக்கு நம்பர் எனக்குத் தெரியாது, ஆனால் பாப்பரசர் உங்கள் பம்பாய்க்கு வந்து நீ பேரனைத் தோளில் தூக்கிக் காட்டினாயே அந்தக் கார்த்திகை, தனுஷ்கோடியைக் கடல் எடுத்துக்கொண்ட மார்கழி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இந்தி வேண்டாமென்று தெருவில் இறங்கிய தை, இதற்கெல்லாம் அப்புறம் வந்த கோடை, நாம் வீட்டை விற்ற கோடை என்று ஞாபகம் வைத்துக்கொள்வேன். விற்ற என்றதும் பதறாதே அம்மா, நான் இன்னும் கைநாட்டு வைக்கவில்லை, உன் வார்த்தை வரட்டும் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். நீ எழுதியதை உபதேசியார் படித்துக் காட்டினார், விக்காதீங்க நைனா, ஆஸ்பத்திரியில் இன்னொரு டூட்டி சேர்த்துப் பார்த்தாவது பணம் அனுப்புகிறேன், அந்த வீடு போயிட்டா நான் ஊருக்கு வந்து யாரு வாசல்ல நின்னு தண்ணி கேப்பேன், இன்னாரு மகள்னு அங்க யாருக்குத் தெரியும் என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தை ரெண்டாவது தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். அதற்குத்தான் இந்தப் பதில்.

உன் அம்மா சொன்னதை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து முழங்கையால் இடிப்பாள். ராப்பகலா டூட்டி பாத்து எளச்சிப்போயி நீ அனுப்புற மணியார்டரு எங்க வயித்துக்கு வரல கண்ணு, நேரா ஓட்டுமேல ஏறி ஒக்காந்துக்குது என்கிறாள். அது நிஜம்தான். மழைக்கு முன் ஓடு மாற்ற வேண்டும், மழைக்குப் பின் சுவர் பூச வேண்டும், நடுவில் கரையானுக்குச் செலவு. நான் வண்டி ஓட்டித் திண்டிவனத்துக்குக் கடலை மூட்டை ஏற்றின காலத்தில் அந்த வீடு போதாமல் இருந்தது, மாடும் ஆளும் மூட்டையும் நிறைந்து கிடக்கும். லாரி வந்த பிறகு மூட்டை அதில் ஏறிக்கொண்டது, மாடுகளையும் கொடுத்தாயிற்று. இப்போது நாங்கள் இரண்டு பேரும் ஒரு அறையில் இருக்கிறோம், மற்ற அறைகளில் வௌவாலும் பெருச்சாளியும் வாடகை இல்லாமல் குடியிருக்கின்றன, அவற்றுக்காகவா நீ டூட்டி பார்க்கிறாய்.

கோயிலுக்குப் பின்தெருவில் முருகையன் வீடு உனக்குத் தெரியும், முருங்கை மரம் நிற்குமே அந்த வீடு. அவர் மகனோடு நெய்வேலிக்குப் போகிறார், வீட்டை நமக்குக் கொடுப்பதாகப் பேச்சு. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, பின்னால் ஒரு கட்டில் போடுகிற அளவு முற்றம். பார்க்கப் போன அன்றைக்கு உன் அம்மா முந்தானைக்குள் விளக்குமாற்றை மறைத்து எடுத்து வந்திருக்கிறாள். முருகையன் பத்திரம், எல்லை என்று பேசிக்கொண்டிருக்க, இவள் உள்ளே போய்ப் பெருக்கியே பார்த்துவிட்டு வெளியே வந்து, இந்தாய்யா, ஒரு செபம் சொல்றதுக்குள்ள முடிஞ்சிபோச்சி, இதையே வாங்கு என்றாள். பெரிய வீட்டைப் பெருக்கியே முதுகு வளைந்ததாம், இனி நிமிரப்போகிறாளாம். வீடு வாங்கியது போக மிச்சத்தைத் தபாலாபீசில் போட்டால் வருகிற வட்டி எங்கள் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் காணும். நீ ஒரு டூட்டி பார்த்து வீட்டுக்குப் போய்த் தூங்கலாம், பேரனைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம்.

இனி வாங்குகிறவர் கதை. முதலில் வந்தவர் கடலை மண்டி இளையபெருமாள். நல்ல மனுசன், என் வண்டியில் சரக்கு ஏற்றியவர், விலையும் தாராளமாகச் சொன்னார். ஆனால் கொல்லைப்புறம் போய் நின்றுகொண்டு, இந்தக் கெணத்தத் தூத்துட்டுச் சிமிட்டி போட்டுட்டா கடலை காயப்போட நல்ல களமாயிடும், குழாய் வரப்போவுது, இனிமே எவன் ராட்டினம் இழுப்பான் என்றார். இந்தக் கோடையில் நம் தெருவில் மற்றக் கிணறெல்லாம் சேறு காட்டிவிட்டது, நம் கிணறு ஒன்றில்தான் குடம் முங்குகிறது. அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிற ஜனம் பஸ் கிடைக்காமல் நடந்து வந்து நம் வீட்டில்தான் தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறது. ஆனாலும் விலை நல்ல விலை, நீ அங்கே கஷ்டப்படுகிறாய், மனசைத் தேற்றிக்கொண்டு சரி என்று சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

அடுத்து வந்தவர் தர்மநாதன், ஜைனர், வந்தவாசிப் பக்கத்திலிருந்து போன வருசம் வந்து கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். மனைவி நீலாஞ்சனாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். இருட்டுவதற்குள் அவர்கள் சாப்பிட்டுவிடுவார்கள், கிழங்கு வெங்காயம் தொடமாட்டார்கள் என்பதெல்லாம் இந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதனால் வேறொன்றும் கொடுக்காமல் உன் அம்மா பித்தளைச் செம்பைப் புளி போட்டுத் துலக்கி, கிணற்றுத் தண்ணீர் சேந்தி மரியாதையாக நீட்டினாள். அந்தப் பெண் வாங்கிக்கொண்டு, மடியிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து இரண்டாக மடித்து, தன் கையோடு கொண்டு வந்த கிண்ணத்தில் தண்ணீரை வடிகட்டியது. அவ்வளவுதான், உன் அம்மா முகம் அடுப்பு மாதிரி ஆகிவிட்டது. எங்க கெணத்துத் தண்ணி இன்னா சாக்கடையா, ஊரே குடிக்குது, ஒனக்கு மட்டும் வடிகட்டிக் குடுக்கணுமா, எங்க கை பட்டது ஆவாதா என்று ஆரம்பித்தாள். இதற்கு மேல் அவள் சொன்னதை உபதேசியார் எழுதவில்லை. அந்தப் பெண் கண் கலங்கி நின்றது, வெத்தல பாக்கு மாத்தறதுக்கு முந்தியே தெரிஞ்சிச்சே, ஒங்களுக்கு வீடு இல்ல, போயிட்டு வாங்க என்று உன் அம்மா முடித்துவிட்டாள்.

நான் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு திட்டு வாங்கியும் அந்தப் பெண் உடனே கிளம்பிப் போகவில்லை. துணியில் தங்கினதைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு வாளியில் அலசி, அதைத் தரையில் கொட்டாமல், வாளியைக் கிணற்றுக்குள் மெதுவாக இறக்கி, தண்ணீர்மட்டம் தொட்ட பிறகு கயிற்றை ஆட்டிச் சாய்த்து ஊற்றிவிட்டுத்தான் போனது. லில்லி, இதை நான் முன்னால் ஒரு தடவை பார்த்திருக்கிறேன், நீயும் கேட்டிருக்கிறாய், சாப்பிட அடம் பிடித்தால் உனக்குச் சொல்வேனே, கிணற்றுக்கே தண்ணீர் கொடுத்த பொண்ணு கதை, அது கதையில்லை, நடந்தது.

எம்டன் கப்பல் மெட்ராஸில் குண்டு போட்டு ஜனம் மூட்டை கட்டி ஓடியதே, அதற்கு அடுத்த கோடை. என் அப்பா ஒரு ஜைனரிடம் இந்த மனையை வாங்கி, வீடு கட்டுவதற்கு முந்தியே கிணறு வெட்டினார். பச்சமுத்து என்று ஒரு ஒட்டர், பாறையைத் தட்டிப் பார்த்தே தண்ணீர் எந்தப் பக்கம் என்று சொல்வார், அவர்தான் வெட்டினார், நானும் என் அண்ணன் பாக்கியசாமியும் கூடை தூக்கினோம். தண்ணீர் கண்டதும் மனையைக் கொடுத்த ஜைனரைக் கூப்பிட்டு முதல் வாளியைக் கொடுப்பது மரியாதை என்று அப்பா ஆள் அனுப்பினார். அவர் தன் மகளையும் கையில் பிடித்துக்கொண்டு வந்தார், பால்பல் விழாத பிள்ளை. கலங்கல் தண்ணீர், அந்தப் பிள்ளை அப்பாவின் மேல்துண்டின் நுனியைப் பிடித்து வடிகட்டி ஒரு வாய் குடித்தது. அப்புறம் துண்டில் தங்கினதைத் திரும்பக் கிணற்றில் விட வேண்டுமென்று அழுதது. மேலிருந்து ஊற்றினால் போதாதாம், கீழே இறக்கிவிட வேண்டுமாம். அண்ணன்தான் சிரித்துக்கொண்டே வாளியை இறக்கிக் கொடுத்தான். கெணத்துக்கே தண்ணி காட்டுது பாருடா என்று நாங்கள் எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தோம், அதன் அப்பா மட்டும் சிரிக்கவில்லை, பிள்ளை விளையாட்டு என்று நானும் ஐம்பது வருசமாகச் சொல்லிக்கொண்டு திரிந்துவிட்டேன்.

விடிந்ததும் பாத்திரக்கடைக்குப் போனேன். தர்மநாதன் கோபம் காட்டாமல் முக்காலி போட்டார். விசயத்தைக் கேட்டேன். பெரியவரே, எங்க வீட்டுக் கெணத்துத் தண்ணியானாலும் வடிகட்டித்தான் குடிப்போம், துணியில நிக்கிற உசுரு பொறந்த எடம் அந்தத் தண்ணிதான், வேற தண்ணியில விட்டா செத்துடும், தரையில ஊத்துனாலும் செத்துடும், எடுத்த எடத்துலயே கொண்டுபோயி விடணும், அது எங்க கடமை, ஒங்க கைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல என்றார். நான் எம்டன் வருசத்துக் கதையைச் சொன்னேன். சொல்லி முடிக்கவில்லை, கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுக் கதவோரம் அவருடைய அம்மாவின் குரல், வாளி எறக்குனவரு பல்லு நீட்டிக்கினு இருப்பாரு, நல்லவரு, பக்கத்துல ஒருத்தரு கூடைய வெச்சிக்கினு விழுந்து விழுந்து சிரிச்சாரு, அது நீங்கதானா என்று. கல்யாணமாகி வந்தவாசிப் பக்கம் போய், இப்போது மகனோடு செஞ்சிக்கே திரும்பியிருக்கிறார். தன் அப்பா கொடுத்த மனை என்று தெரிந்துதான் மகனை அனுப்பியிருக்கிறார், தெரிந்தால் நாம் விலையை ஏற்றுவோமோ என்று சொல்லாமல் விட்டாராம். நானும், அன்னிக்கிச் சிரிச்சதுக்கு வெலையில எவ்ளோ கொறைக்கணும் என்று கேட்டேன், கதவோரமே சிரிப்புச் சத்தம் கேட்டது.

இளையபெருமாள் சொன்னதைவிட இவர்கள் சொல்வது குறைவுதான், மறைக்கவில்லை. ஆனால் முருகையன் வீட்டுக்கும் எங்கள் வட்டிக்கும் போதும். கிணற்றைத் தூர்க்கக் கூடாது, தெருவுக்கும் அமாவாசை ஜனத்துக்கும் தண்ணீர் விட வேண்டும் என்று கேட்டேன், அதுக்குள்ள இத்தன உசுரு இருக்குது, நான் எப்படித் தூப்பேன், நீங்க கேக்கவே வேணாம் என்று சொல்லிவிட்டார் தர்மநாதன். இளையபெருமாளிடம் நானே போய்ச் சொன்னேன், பூச்சிக்கு எடம் குடுத்துட்டு என் கடலைய நடுத்தெருவுல காயவெச்சிட்டியே யாகப்பா என்று சிரித்தார், அவருக்குச் சிங்கவரம் ரோட்டில் வேறு இடம் அகப்படும்.

நான் வந்து இதையெல்லாம் சொன்ன பிறகு உன் அம்மா சமாதானம் சொல்ல நீலாஞ்சனாவிடம் போனாள். என்ன கொடுத்தால் சாப்பிடுவார்கள் என்று தெரியாமல், புதுக் காடாத்துணி ஒரு முழம் வாங்கிக்கொண்டு போனாள், வடிகட்டத்தான். அந்தப் பெண் துணியில் தங்கினதை வெளிச்சத்தில் காட்டியிருக்கிறது, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஏதோ நெளிந்ததாம். வீட்டுக்கு வந்து, கண்ணாலம் கட்டிக் கூட்டியாந்த நாள்ல இருந்து இதையாய்யா எனக்குக் குடுத்த என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். இப்போது அவளும் வடிகட்டுகிறாள், வாளியை இறக்கி ஊற்றுகிற வேலை மட்டும் எனக்கு.

பெரியப்பா பாக்கியசாமி செய்த கட்டில் முருகையன் வீட்டு வாசலில் நுழையாது. கட்டில் வெளிய நின்னா நீயும் வெளியதான் என்று உன் அம்மா சொல்லிவிட்டாள். தர்மநாதன் அது இங்கேயே இருக்கட்டும் என்றார், விட்டுவிட்டேன். அம்மியும் மாதா சுரூபமும் எங்களோடு வருகின்றன. சாமியார் புதுவீட்டை மந்திரிக்கச் சம்மதித்திருக்கிறார்.

ஆகையால் மகளே, விற்கலாம் நைனா என்று ஒரு வார்த்தை எழுது. உன் வார்த்தை இல்லாமல் கட்டை விரலை மையில் வைக்கமாட்டேன், பதிவுக்குப் போகும் முன் கடிதம் வர வேண்டும், தபால்காரரைத் தினமும் வாசலில் நிறுத்திக் கேட்கிறேன், அவர் வேறு தெரு வழியாகப் போக ஆரம்பித்துவிட்டார். சேர்த்துப் பார்க்கிற டூட்டியை இன்றைக்கே விட்டுவிடு, தலைக்கு எண்ணெய் வை, மாப்பிள்ளையிடம் கோபமாகப் பேசாதே, அதெல்லாம் உன் அம்மாவோடு போகட்டும். பேரனுக்கு எங்கள் இருவர் கையும் தலையில் வைத்த ஆசீர்வாதம், உன் கை தொட்டதெல்லாம் சுகப்பட மாதா துணை நிற்கட்டும்.

இப்படிக்கு, உன் நைனா யாகப்பன், இடது கட்டைவிரல் ரேகை.

உபதேசியார் காகிதத்தை மடித்துவிட்டார், திரும்ப விரிக்கச் சொன்னேன். நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விட்டேன். அந்த வீட்டுக்கு வந்து தண்ணீர் கேட்டால் இன்னார் மகள் என்று யாருக்குத் தெரியும் என்றாயே. கிணற்றில் தண்ணீர் கண்ட அன்றைக்கு அங்கே நின்றவர்களில் என் அப்பா போய்விட்டார், மனை கொடுத்த ஜைனர் போய்விட்டார், பச்சமுத்து போய்விட்டார், அண்ணன் போய்விட்டான். நான் இருக்கிறேன், எத்தனை நாளோ. எனக்குப் பிறகும் ஒருவர் இருப்பார், என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர், அந்த வீட்டிலேயே இருப்பார். யாகப்பன் மகள் வந்தால் தண்ணீர் வடிகட்டிக் கொடுப்பேன் என்று கதவோரம் நின்று சொல்லியனுப்பியிருக்கிறார். வாசலில் நின்று இந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடு: சந்தனா.