குடம் நிறைய ஆறு

1974 மாசி, சனிக்கிழமை இரவு. ஏரல் ஆற்றங்கரை.

கம்பு நட்டுத் தார்ப்பாய் கட்டி மணலில் படுத்திருக்கிறோம். கல்யாணமான பின் முதன்முறையாக என் ஆற்றைக் காட்ட விஜயாவை அழைத்து வந்தேன். என்றைக்கோ ஒருநாள் தண்ணீர் வரும் தூத்துக்குடிக் குழாயடியில் வளர்ந்தவள். அரிசி களைந்த தண்ணீரைக்கூடக் கொட்டாமல் அதிலேயே பாத்திரம் கழுவினாள். படுக்கும் முன் குடம், சட்டி, தம்ளர் எல்லாவற்றிலும் ஆற்றுத் தண்ணீரை மொண்டு நிரப்பி மூடி வைத்தாள்.

“ஏளா, பக்கத்துலதான ஆறு ஓடுது, எதுக்கு இது?”

“காலையில தண்ணி வரலன்னா என்ன செய்வீய?” என்றவள் அப்படியே தூங்கிவிட்டாள்.

சிரிப்புத்தான் வந்தது. ஆனால் முத்தையாபுரத்தில் எங்களுக்கென்று பேசி முடித்திருக்கும் வீட்டில் குழாயே இல்லை. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

விளக்கை அணைக்கிறேன். அவளுடைய தம்ளரைத் தட்டிவிடாமல் புரண்டு படுக்க வேண்டும்.