வெளுத்த சாயத் தண்ணீர்

மார்ச் 4
எங்கள் ஆய்வுக்கூடத்துக் காமாக் கதிர் அறைக்குள் ரத்தச் சிவப்பாகப் போன சாயத் தண்ணீர், குடிதண்ணீர் மாதிரி வெளியே வந்தது. இவர் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பாத்தியா, நம்ம புள்ள பாஸாயிட்டான்!" என்று சிரித்தார். கல்யாணமான புதிதில் பார்த்த சிரிப்பு. சாயப்பட்டறைக்காரர்களுக்குக் காட்ட இதுவே போதுமாம்.

வெளுத்ததெல்லாம் பாலா? சோதித்துவிடலாம்.

மார்ச் 9
பால் இல்லை.

கதிர் தண்ணீரை உடைக்கிறது. உடைந்த துண்டுகள்தான் சாயத்தைத் தாக்குகின்றன. ஆக்சிஜன் இருக்கும்வரை சாயம் நன்றாகவே சிதைகிறது. ஆக்சிஜன் தீர்ந்ததும் சாயம் பாதியில் நின்று அமீன் என்ற நச்சுகளாகத் தங்கிவிடுகிறது. நிறம் போச்சு, விஷம் போகவில்லை. அந்தத் தண்ணீர்த் தொட்டியில் விட்ட மீன்கள் செத்து மிதந்தன.

"ஏங்க, காத்து ஊதிக்கிட்டேதான் கதிர் காட்டணும். இல்லேன்னா இத ஆத்துல விடக் கூடாது."

"சரி, பட்டறைக்காரங்க கூட்டத்துல சொல்லிடலாம்."

மார்ச் 12
கூட்டத்தில் காட்டும் படங்கள் தயார். மீன் படம் கடைசியில் வரட்டும் என்றார். சரிதான்.

மார்ச் 13
கூட்டத்தில் மீன் படம் வரவேயில்லை. மீன்கள் செத்ததை ஏன் காட்டவில்லை என்று நானே எழுந்து கேட்டேன். பட்டறை முதலாளி இவரைப் பார்த்தார். இவர் என்னைப் பார்க்கவில்லை.

"அது இவ கைத்தப்பு சார். குப்பியச் சரியாக் கழுவல. வீட்லயும் இப்படித்தான்."

எல்லோரும் சிரித்தார்கள்.

வீட்டில் கேட்டால், "காத்து ஊதுற செலவச் சொன்னா அவங்க ஓடிருவாங்க. என் பதவி உயர்வு போயிரும். உனக்குப் புரியாதா?" என்கிறார்.

எனக்கா புரியாது? மறைச்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேனே — என் கையவா பலி குடுக்கணும்? அதுவும் நீங்க?

மார்ச் 14
காலையில் வழக்கம்போல, "சட்டை எங்க?" என்ன மனுஷன்!

மார்ச் 20
ஆய்வுக்கூட இயக்குநர் அம்மாவிடம் போனேன். புகார் சொல்லவில்லை. "நீங்களே செஞ்சு பாருங்கம்மா. நான் எதையும் தொடல" என்றேன். தன் கையாலேயே கழுவினார், நிரப்பினார். ஒரு குப்பியில் காற்று ஊதினார், இன்னொன்றை மூடிவிட்டு, இரண்டுக்கும் கதிர் காட்டினார்.

இரண்டுமே வெளுத்தன. மூடியிருந்த தண்ணீரில் விட்ட மீன்கள்தான் செத்தன.

"உங்க வீட்டுக்காரருக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

சொன்னதும் வாய் கசந்தது.

ஏப்ரல் 17
காற்றுக் குழாய் போடப் பட்டறை ஒப்புக்கொண்டது. திட்டப் பொறுப்பு எனக்கு.

இன்று இவர் என் அறை வாசலில் நின்று, "உள்ள வரலாங்களா, மேடம்?" என்றார். வரச் சொன்னேன். உட்காரவும் சொன்னேன்.

வீட்டில் இப்போது அவரவர் தட்டில் அவரவர் போட்டுக்கொள்கிறோம்.